ஹெட்டைச் சீவினா மைலேஜ் ஏறுமா?

வீட்டுல ஒரு பழைய மாருதி 800 நிக்குதா? அப்பா ஓட்டினது, இப்ப உங்க கைக்கு வந்திருக்கா? அப்படின்னா இந்த யோசனை எப்படியும் உங்க காதுக்கு வந்திருக்கும்: "ஹெட்டைக் கழட்டி ஒரு எம்எம் சீவிப் போடு தம்பி, மைலேஜ் பிச்சுக்கிட்டுப் போகும்." சொல்றவர் லேத் பட்டறைக்காரரா இருக்கலாம், காலேஜ் சீனியரா இருக்கலாம், மூணு நிமிஷ வீடியோவா இருக்கலாம். இன்னொருத்தர் ஹெட்ல காடி வெட்டச் சொல்வார். மூணாவது ஆள் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிக் கடாசச் சொல்வார்.

இதுல எது நிஜம்? தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதின நாம இதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு கால்குலேட்டரும் கால் மணி நேரமும் இருந்தா போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற சீசன் வேற. "மைலேஜ் இம்ப்ரூவ்மென்ட்"னு ஒரு டீமாவது எழுதிக் கொடுக்கும். வீட்டுக் காசைப் போட்டு இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கணக்கை இங்கேயே போட்டுப் பார்த்துடலாம்.

ஒரு லிட்டர் எங்கே போகுது?

வைகை அணையில திறந்து விடற தண்ணி அப்படியே முழுசா மதுரை ஏ.வி. பாலத்துக்கு வந்து சேர்றதில்லை. வழியில மணல் குடிச்சது, வெயில் குடிச்சது, வாய்க்கால்ல பிரிஞ்சது எல்லாம் போக மிச்சம்தான் வருது. பெட்ரோலும் அப்படித்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகா ஜூல் சக்தி இருக்கு. பழைய கார்புரேட்டர் இன்ஜின் நல்ல லோடுல ஓடும்போதுகூட, அதுல 25 முதல் 30 சதவீதம் வரைதான் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு வரும். மிச்சத்துல பெரும்பகுதி சைலன்சர் வழியா சூடான புகையாவும், ரேடியேட்டர் வழியா சூடாவும் போயிடும். ஊருக்குள்ள, காளவாசல்லயும் கோரிப்பாளையத்துலயும் நின்னு நின்னு போகும்போது இந்த எண் இன்னும் கீழே இறங்கும். சிக்னல்ல ஐடிலிங்ல நிக்கிற வண்டியோட மைலேஜ் எவ்வளவு? பூஜ்யம்.

இன்ஜினுக்கு உள்ள கை வச்சு மைலேஜ் கூட்டணும்னா, இந்த மூணு இடத்துலதான் கை வைக்க முடியும்.

முதல் இடம், எரிதல். அதாவது கம்ப்ரஷன் ரேஷியோவும், கம்பஷன் சேம்பரோட வடிவமும்.

ரெண்டாவது இடம், உராய்வு. ரிங், பேரிங், ஆயில்.

மூணாவது இடம், பம்பிங் லாஸ். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமா மிதிக்கும்போது த்ராட்டில் முக்கால்வாசி மூடியிருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியா பிஸ்டன் காத்தை இழுக்கணும். கெட்டியான ஜிகர்தண்டாவை மெல்லிய ஸ்ட்ராவுல உறிஞ்சிப் பாருங்க, கன்னம் வலிக்கும். அந்த வலிக்கும் பெட்ரோல் செலவாகுது.

"ஹெட் சீவுறது" முதல் இடத்து வேலை. அதைத்தான் இப்ப அளக்கப் போறோம்.

கணக்குக்கு வருவோம்

மாருதி 800 இன்ஜின்ல மூணு சிலிண்டர். போர் 68.5 எம்எம், ஸ்ட்ரோக் 72 எம்எம். பிஸ்டன் பரப்பு = 0.7854 × 68.5 × 68.5 = 3685 சதுர எம்எம். இதை 72-ஆல் பெருக்கினா ஒரு சிலிண்டருக்கு 265.3 சிசி. மூணுக்கும் சேர்த்து 796 சிசி. ஆர்.சி. புக்ல இருக்கிற எண்ணோட ஒத்துப்போகுது.

ஆரம்பக் கம்ப்ரஷன் ரேஷியோவை 8.7-னு வச்சுக்குவோம். ரேஷியோன்னா, பிஸ்டன் கீழ இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் மேல வந்தப்புறம் மிச்சமிருக்கிற இடத்தால வகுக்கறது. அந்த மிச்ச இடம்தான் கிளியரன்ஸ் வால்யூம்.

கிளியரன்ஸ் வால்யூம் = 265.3 ÷ (8.7 − 1) = 34.5 சிசி.

ரேஷியோவை 9.7-க்கு ஏத்தணும்னா: 265.3 ÷ (9.7 − 1) = 30.5 சிசி.

ஆக, கிட்டத்தட்ட 4 சிசி இடத்தைக் குறைக்கணும். ஹெட்ல சேம்பரோட வாய் சிலிண்டர் அளவுக்கே அகலமா இருந்தா, 4 சிசியை 36.85 சதுர செ.மீ.யால் வகுத்தா 1.07 எம்எம். ஆனா நிஜத்துல சேம்பரோட வாய் சிலிண்டரை விடச் சின்னது. முக்கால் பங்குன்னு வச்சா சுமார் 1.4 எம்எம் சீவணும். "ஒரு எம்எம் சீவு"ன்னு சொன்னவர் சும்மா சொல்லலை. அவர் சொல்றது ரேஷியோவை முக்கால் பாயிண்ட் ஏத்துற வேலை.

இதுல எவ்வளவு லாபம்? ஆட்டோ சைக்கிள் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? செயல்திறன் = 1 − 1 ÷ (ரேஷியோ ^ 0.4). காத்துக்குக் காமா 1.4-னு எடுத்தா வர்ற அடுக்கு அது.

ரேஷியோ 8.7 என்றால் 0.579.
ரேஷியோ 9.7 என்றால் 0.597.

நிஜ இன்ஜின் இந்த 58, 60 சதவீதத்தைத் தொடவே தொடாது, சரிதான். ஆனா நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் உள்ள விகிதம். 0.597 ÷ 0.579 = 1.031. அதாவது 3 சதவீதம்.

20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 20.6 கொடுக்கும். அவ்வளவுதான். அதுவும் தியரியில. ரேஷியோ ஏறும்போது சூடு இழப்பும் உராய்வும் கொஞ்சம் கூடுறதால நிஜத்துல அதுக்கும் கீழேதான் வரும்.

இங்க ஒரு விஷயத்தை மனசுல பதிச்சுக்கங்க. லாபம் வர்றது அழுத்துறதால இல்லை, விரியறதால. எரிஞ்ச வாயு எவ்வளவு தூரம் விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளுதோ, அவ்வளவு சூடு வேலையா மாறும். மிச்சச் சூடு சைலன்சர்ல போகும். ரேஷியோவை ஏத்துறோம்னா, வாயு வெளிய போறதுக்கு முன்னாடி அதுகிட்ட இன்னும் கொஞ்சம் வேலை வாங்கறோம்னு அர்த்தம். வைவாவுல கேட்டா இதைச் சொல்லுங்க.

அப்ப இன்னும் சீவலாமே?

3 சதவீதம் போதலைன்னு ரெண்டு எம்எம், மூணு எம்எம் சீவலாமான்னு கேப்பீங்க. குறுக்க நிக்கறது நாக்கிங்.

பிளக் தீ வச்சதும் நெருப்பு ஒரு ஓரத்துலருந்து இன்னொரு ஓரத்துக்குப் பரவணும். அது போய்ச் சேர்றதுக்குள்ள, கடைசி மூலையில இருக்கிற கலவை அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானாவே வெடிச்சா அதுதான் நாக்கிங். டாப் கியர்ல மெதுவா போய்க்கிட்டு, மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அமுக்கினா 'கலகல'ன்னு சில்லறைக் காசைக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது. அதைக் கேட்டும் ஓட்டிக்கிட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனோட மேல்தளம் அரிக்கும், ரிங் உடையும்.

உள்ள வர்ற காத்து சூடா இருந்தா நாக்கிங் சீக்கிரம் வரும். சித்திரை வெயில்ல மதுரை 40 டிகிரியைத் தாண்டற ஊர். மார்கழிக் காலையில சத்தமே இல்லாம ஓடற இன்ஜின், அழகர் ஆத்துல இறங்கற மாசத்துல கலகலக்கும். உடனே மெக்கானிக் அண்ணன் என்ன பண்ணுவார்? இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வைப்பார். சத்தம் நிக்கும். ஆனா தீ லேட்டா பிடிக்கறதால விரியற தூரம் குறையும். சீவிச் சம்பாதிச்ச 3 சதவீதம் டைமிங்ல போயிடும்.

இன்னும் சில சில்லறைப் பிரச்சினைகளும் இருக்கு. 800-ல கேம் ஷாஃப்ட் ஹெட் மேலேயே உட்கார்ந்திருக்கு. ஹெட் ஒரு எம்எம் இறங்கினா கேமும் ஒரு எம்எம் இறங்கும். டைமிங் பெல்ட்டோட தளர்ச்சியை டென்ஷனர் இழுத்துக்கும், வால்வ் டைமிங் கொஞ்சம் நகரும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல உள்ள இடைவெளியும் குறையும். பட்டறையில சாதாரணமா ஹெட் ஃபேசிங் பண்றது வேற காரணத்துக்கு. ஹெட் சூட்டுல வளைஞ்சிருந்தா கேஸ்கெட் சரியா உட்காராது, அதைச் சமமாக்கணும். அங்க எடுக்கறது ஒரு எம்எம்ல சின்னப் பங்கு. மைலேஜுக்குச் சீவறதும் இதுவும் ஒண்ணு இல்லை.

மைசூர் காடி

இப்ப காடி வெட்டற கதை. இது வாட்ஸ்அப் கட்டுக்கதை இல்லை, நிஜமான ஆள், நிஜமான பேடன்ட். மைசூரைச் சேர்ந்த சோமேந்தர் சிங், கம்பஷன் சேம்பர்ல சுழற்சியைக் கூட்டுற ஒரு வடிவமைப்புக்கு 2001-ல் அமெரிக்கப் பேடன்ட் வாங்கினார். எண் 6,237,579. 2004-ல் அமெரிக்காவோட பாப்புலர் சயின்ஸ் இதழ் அவரைப் பத்தி நீளமா எழுதினது. சிங் க்ரூவ்னு உலகம் முழுக்க கார் பைத்தியங்கள் இன்னைக்கும் ஹெட்ல வெட்டிப் பார்க்கிறாங்க.

அவரோட ஐடியா என்ன? பிஸ்டன் மேல வரும்போது ஹெட்டோட தட்டையான ஓரத்துக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல மாட்டின கலவை பிதுங்கி சேம்பர் நடுவுக்குப் பாயும். இதுக்குப் பேர் ஸ்குவிஷ். இங்கிலாந்துல ஹாரி ரிக்கார்டோ முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட இதை வச்சுத்தான் பழைய சைடு வால்வ் இன்ஜின்களைத் திருத்தினார். அந்தத் தட்டையான ஓரத்துல, பிளக்கைப் பார்த்து வர்ற மாதிரி சின்னக் காடிகளை வெட்டினா கலவை இன்னும் வேகமாப் பாய்ஞ்சு சுழலும், வேகமா எரியும்கறது சிங்கோட வாதம்.

அடிப்படை நியாயமானதுதான். வேகமா எரிஞ்சா கடைசி மூலை தானா வெடிக்க நேரம் கிடைக்காது, நாக்கிங் தள்ளிப்போகும், ரேஷியோவை ஏத்தலாம். இதை ஒரு கம்பெனி செஞ்சு காட்டியிருக்கு. 1981-ல் ஜாகுவார், சுவிட்சர்லாந்து இன்ஜினியர் மைக்கேல் மே வடிவமைச்ச ஹெட்டைத் தன்னோட வி12 இன்ஜின்ல போட்டு, ரேஷியோவை 12.5-க்குக் கொண்டுபோச்சு. பெட்ரோல் குடிக்கறதுக்குப் பேர்போன அந்த இன்ஜின் ஓரளவு அடங்கினது. ஆனா அங்க மாறினது முழு சேம்பர். ஸ்குவிஷ், சுழற்சி, ரேஷியோ மூணும் சேர்ந்து மாறினது.

இருக்கிற ஹெட்ல கைக் கிரைண்டரை வச்சுக் காடி போட்டா? அளந்து பார்ப்போம். 2 எம்எம் அகலம், 2 எம்எம் ஆழம், 20 எம்எம் நீளம்னு ரெண்டு காடின்னு வச்சுக்குவோம். மொத்தம் 160 கன எம்எம், அதாவது 0.16 சிசி. கிளியரன்ஸ் வால்யூம் 34.46-லருந்து 34.62 ஆகும். ரேஷியோ 8.7-லருந்து 8.66-க்கு இறங்கும். கெடுதல் பெரிசா இல்லை. ஆனா ரேஷியோவுல லாபமும் இல்லை. லாபம்னு ஒண்ணு இருந்தா, அது முழுக்க சுழற்சியிலருந்துதான் வரணும். சுழற்சியைக் கால்குலேட்டர்ல கண்டுபிடிக்க முடியாது, டைனமோமீட்டர்ல ஓட்டித்தான் பார்க்கணும். பேடன்ட் ஆபீஸ் பார்க்கறது இந்த ஐடியா புதுசாங்கறதைத்தான். எத்தனை கிலோமீட்டர் கூடுச்சுன்னு யாரும் ஓட்டிப் பார்த்துப் பேடன்ட் கொடுக்கறதில்லை. "பேடன்ட் வாங்கியிருக்கு, அதனால வேலை செய்யும்"னு யாராவது சொன்னா, இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்க.

ப்ராஜெக்ட்டுக்கு நல்ல தலைப்பும் இதுதான்னு நான் சொல்வேன். ஒரு சிலிண்டர் இன்ஜின், ஒரே மாதிரி ரெண்டு ஹெட், ஒண்ணுல காடி, ஒண்ணுல இல்லை. காடியால வந்த வித்தியாசம் மட்டும் தனியாத் தெரியும். பாசிட்டிவா வந்தாலும் நெகட்டிவா வந்தாலும் ரிப்போர்ட் ரிப்போர்ட்தான்.

கம்பெனி எப்படிப் பண்ணுது?

2021-ல் மாருதி ஸ்விஃப்ட்ல இன்ஜின் மாறினது. முன்னாடியும் 1197 சிசி, பின்னாடியும் 1197 சிசி. கம்பெனி சொன்ன மைலேஜ் மேனுவல் வண்டியில 21.21-லருந்து 23.20-க்குப் போச்சு. கணக்குப் போட்டா 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல.

உள்ள என்ன மாத்தினாங்க? ரேஷியோ 12. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு இன்ஜெக்டர். எரிஞ்ச புகையில கொஞ்சத்தைக் குளிரவச்சுத் திரும்ப உள்ள விடற ஏற்பாடு. அது சூட்டைக் குறைச்சு நாக்கிங்கைத் தடுக்கும். கூடவே அதே பவருக்கு த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறந்து வைக்கணும்கறதால பம்பிங் லாஸும் குறையும். இது போக, சிக்னல்ல தானா இன்ஜினை நிறுத்திக் கிளப்பற வசதி.

இப்ப யோசிங்க. பெரிய கம்பெனி, சொந்த லேப், எரிதல், உராய்வு, பம்பிங்னு எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல கை வச்சு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல டியூன் பண்ணி எடுத்தது 9 சதவீதம். ஒரே ஒரு பட்டறை வேலையில 30 சதவீதம் கூடும்னு ஒருத்தர் சொன்னா, அவரைத் திட்ட வேண்டாம். "எப்படி அளந்தீங்கண்ணே?"ன்னு மட்டும் கேளுங்க.

எரிபொருள் மாறினா இன்ஜினும் மாறணும்

மதுரைக்கு இது புதுசு இல்லை. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப, பஸ் ஓட்டிக்கிட்டு இருந்த டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரிச்சு வாயு எடுக்கற கேஸ் பிளான்ட்டைத் தானே தயாரிச்சு வண்டிகளுக்குக் கொடுத்தது. கரி வாயுல பெட்ரோலை விடச் சக்தி கம்மி, ஆனா நாக்கிங்கைத் தாங்கும். அதனால அந்த மாதிரி வாயுல ஓடற இன்ஜின்ல ரேஷியோவை ஏத்தி, இழந்த பவர்ல கொஞ்சத்தை மீட்கலாம்.

இன்னைக்கு நம்ம பங்க்ல நடக்கறதும் அதே கதைதான். 2025-ல் நாடு முழுக்க இ20 வந்தாச்சு, 20 சதவீதம் எத்தனால். எத்தனால் லிட்டருக்குச் சுமார் 21 மெகா ஜூல்தான். கலந்து பார்த்தா: 0.8 × 32 + 0.2 × 21 = 29.8. சக்தி கிட்டத்தட்ட 7 சதவீதம் கம்மி. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், பெட்ரோலுக்குன்னே வடிவமைச்சு இ10-க்கு டியூன் பண்ணின கார்கள்ல மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம்னுதான் சொல்லுது. இ20-க்கே டியூன் பண்ணின கார்ல 1 முதல் 2 சதவீதம்.

நடுவுல உள்ள அந்த வித்தியாசம் எங்கருந்து வந்தது? எத்தனால் நாக்கிங்கை நல்லாத் தாங்கும். சாதாரண பெட்ரோலோட ஆக்டேன் எண் 91. இ20-க்கு 95. அந்த நாலு எண்ணைப் பயன்படுத்தணும்னா ரேஷியோவும் டைமிங்கும் அதுக்கேத்த மாதிரி இருக்கணும். பழைய இன்ஜின்ல ரெண்டும் மாறாம இருந்தா, சக்தி குறைஞ்ச நஷ்டம் மட்டும் நம்ம தலையில, ஆக்டேன் கூடின லாபம் கைக்கு வராது.

அப்ப இ20 காலத்துல ஹெட் சீவறது முன்னைவிடப் புத்திசாலித்தனமா? ரேஷியோவை மட்டும் பார்த்தா, ஆமா. ஆனா கார்புரேட்டர் வண்டியில இன்னொரு சிக்கல் இருக்கு. பெட்ரோல் முழுசா எரிய, ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டா சுமார் 13.5. இன்ஜெக்ஷன் வண்டியில ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துக்கும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பழைய ஜெட்டுல இ20 போனா கலவை லீன் ஆகும். காலையில ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும், பிக்கப் திக்கும். ஹெட்டைத் தொடறதுக்கு முன்னாடி, ஜெட்டும் பெட்ரோல் போற ரப்பர் குழாய்களும் இ20-க்குத் தாங்குமான்னு பார்க்கணும்.

புதுசாக் கூட்டறதுக்கு முன்னாடி, தொலைஞ்சதைத் தேடுங்க

பதினஞ்சு இருபது வருஷம் ஓடின இன்ஜின் தன்னோட 8.7-ஐயே முழுசாப் பயன்படுத்தலை. முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்க. பிளக்கைக் கழட்டி கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு, செல்ஃப் அடிக்கணும். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டணும். ஒண்ணு மட்டும் கீழ இருந்தா, அதுல ஒரு ஸ்பூன் ஆயிலை விட்டுத் திரும்பப் பாருங்க. எண் ஏறினா ரிங் தேஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வோ கேஸ்கெட்டோ கசியுது. வால்வ் லேப்பிங், டேப்பட் செட்டிங், தேவைப்பட்டா ரிங். இதுவும் இன்ஜினோட உள் வேலைதான். போன கம்ப்ரஷனை மீட்கறதுல வர்ற லாபம், சீவறதுல வர்ற 3 சதவீதத்தை விடப் பெரிசா இருக்க வாய்ப்பு உண்டு. நாக்கிங் பயமும் இல்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டிப் போடற பழக்கம் பல பட்டறையில இருக்கு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலை செய்யற சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரைக்கும் ஆயில் கெட்டியா இருக்கும், உராய்வு கூடும். இன்ஜெக்ஷன் வண்டின்னா, இன்ஜின் இன்னும் குளிரா இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊத்தும். வீட்டுலருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் மட்டும் ஓடற வண்டிக்கு இது நேரடி நஷ்டம். வண்டி சூடானா ரேடியேட்டர், ஃபேன், தண்ணிப் பம்பைப் பாருங்க. தெர்மோஸ்டாட் இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

அளக்கத் தெரியலைன்னா எல்லாமே கதை

இந்தப் பாடத்துல ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா, இந்தப் பகுதியை வச்சுக்கங்க.

ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, திரும்ப ஃபுல் டேங்க் போட்டு மைலேஜ் பார்க்கறோம். 20 லிட்டர் பிடிக்கும்போது பங்க்ல தானா நிக்கற இடம் அரை லிட்டர் முன்னப் பின்ன இருந்தாலே 2.5 சதவீதத் தவறு. நாம தேடற லாபமே 3 சதவீதம். அரிசி எடை போடற தராசுல தங்கத்தை நிறுத்தின மாதிரி ஆயிடும்.

அடுத்து, காத்து. ஆடி மாசத்துல 60-ல் போற வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்துல காத்து வீசுதுன்னா, வண்டிக்கு அது 80. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல கூடும்: 6400 ÷ 3600 = 1.78. அதாவது 78 சதவீதம் கூடுதல் தடை. ஹெட் சீவறதுக்கு முன்னாடி ஆடியில ஒரு டெஸ்ட், சீவினப்புறம் ஐப்பசியில ஒரு டெஸ்ட்னு பண்ணினா, காத்துக்குக் கிடைச்ச மார்க் ஹெட்டுக்குப் போயிடும்.

அப்ப எப்படி அளக்கணும்? கப்பலூர்லருந்து உத்தங்குடிக்குப் போற ரிங் ரோடு மாதிரி சமதளமான ஒரு ரோடு. விடிகாலை, ஒரே நேரம். ஒரே டயர் காத்து, ஒரே ஆள், ஒரே எடை. போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ரெண்டுக்கும் சராசரி. இதை மூணு நாள் பண்ணுங்க. மாத்தறதுக்கு முன்னாடியே அந்த மூணு நாளுக்குள்ள 4 சதவீதம் ஏறி இறங்கினா, உங்க முறையால 3 சதவீதத்தைப் பார்க்கவே முடியாதுன்னு அர்த்தம். மாத்தினப்புறம் ஒரு தடவை, முடிஞ்சா பழைய பாகத்தைத் திரும்பப் போட்டு இன்னொரு தடவை. பழசு, புதுசு, பழசு. மூணாவது எண் முதல் எண்ணோட ஒத்துப்போனாதான் நடுவுல இருக்கிற எண்ணை நம்பலாம். பாட்டில்ல பெட்ரோலை அளந்து ஓட்டற டெஸ்ட் எல்லாம் காலேஜ் லேப்ல, டைனமோமீட்டர்ல மட்டும். பானெட்டுக்குள்ள பெட்ரோல் பாட்டிலைக் கட்டிக்கிட்டு ரோட்டுல இறங்காதீங்க, தீப்பிடிக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. போர் பண்ணி சிசியைக் கூட்டறது, வேற இன்ஜின் வைக்கறது எல்லாம் இதுல வரும். 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, ரெண்டுமோ உண்டு. புகை டெஸ்ட்லயும் வண்டி பாஸாகணும்.

கடைசியா, காசு

வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டறீங்கன்னு வைங்க. 20 கொடுக்கற வண்டிக்கு 600 லிட்டர். 20.6 கொடுத்தா 582 லிட்டர். மிச்சம் 18 லிட்டர். லிட்டர் ₹100-னு போட்டா வருஷத்துக்கு ₹1,800. ஹெட் கழட்ட, சீவ, கேஸ்கெட், பெல்ட், கூலி எல்லாம் எவ்வளவுன்னு உங்க மெக்கானிக்கைக் கேட்டு, 1,800-ஆல் வகுங்க. எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு தெரிஞ்சிடும். அந்த வருஷங்கள் வரைக்கும் அந்த வண்டி உங்க வீட்டுல இருக்குமாங்கறதை வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க.

கேஸ்கெட் போய் எப்படியும் ஹெட்டைக் கழட்ட வேண்டியிருந்தா கணக்கு மாறும். அப்ப வால்வ் லேப்பிங்கும், வளைவு இருந்தா அளவான ஃபேசிங்கும் கூடுதல் செலவு இல்லாத மாதிரி. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற இன்ஜினை மைலேஜுக்காகப் பிரிக்கணுமாங்கறதுக்குப் பதில் மேலே இருக்கிற வகுத்தல்ல இருக்கு.

போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு, நீங்களே போடுங்க. ஸ்ப்ளெண்டர் பைக்: போர் 50 எம்எம், ஸ்ட்ரோக் 49.5 எம்எம், ஒரு சிலிண்டர், 97.2 சிசி. ரேஷியோ 9-லருந்து 10-க்கு ஏத்தணும். சேம்பர் வாய் சிலிண்டர் அளவுக்கே இருக்குன்னு வச்சா, ஹெட்ல எத்தனை எம்எம் சீவணும்? தியரி லாபம் எத்தனை சதவீதம்?

விடை: 0.69 எம்எம். 2.9 சதவீதம். வேற எண் வந்தா, கிளியரன்ஸ் வால்யூம் கண்டுபிடிக்கும்போது ரேஷியோவுல ஒண்ணைக் கழிச்சீங்களான்னு பாருங்க.